ஆடும் கியர் கம்பி! பழைய காரைக் காப்பாற்றும் சின்னஞ்சிறு நைலான்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், குளிப்பவர் ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் இருப்பார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மூச்சு முட்டியதும் குளிப்பவர் கயிற்றைச் சுண்டுவார். படகில் இருப்பவர் அந்தக் கணமே இழுத்துவிட வேண்டும்.

கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள் என்று அந்தப் பக்கம் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி பற்றிய அக்கறை அவருக்குத்தானே அதிகம்!

அந்தக் கயிறு தொய்ந்து கிடந்தால் என்ன ஆகும்? கீழே சுண்டியது மேலே தெரியாது. அவ்வளவுதான்.

மோட்டார் காரின் கியர் கம்பியும் இந்தக் கயிறு மாதிரிதான். மேலே ஓட்டுகிறவரின் கை. கீழே எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் பல் சக்கரங்கள். கை சொல்வதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கம்பியின் வேலை. நடுவில் உள்ள மூட்டுகள் தேய்ந்துவிட்டால் கை ஒன்று சொல்லும். சக்கரம் வேறொன்று செய்யும்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இருட்டு அறையில் தீப்பெட்டியைத் தேடுவது போல!

எழுந்து நின்று மிதிப்பது

கியர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சைக்கிளில் பாலம் ஏறுகிறவரைப் பாருங்கள். சமதரையில் உட்கார்ந்தபடி மிதித்தவர், மேடு வந்ததும் எழுந்து நின்று மிதிக்கிறார். கார் எஞ்சினால் எழுந்து நிற்க முடியாது. அதற்குப் பதிலாகப் பல் சக்கரங்களை மாற்றிக்கொள்கிறது. கிளம்பும்போதும் மேடு ஏறும்போதும் ஒன்றாவது கியர். வேகம் எடுத்த பிறகு நான்காவது. பலம் வேண்டும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் வேண்டும்போது பலத்தை விட்டுக்கொடுக்கிறது.

இந்த மாற்றத்தை ஓட்டுகிறவர்தான் கம்பியைத் தள்ளியும் இழுத்தும் செய்கிறார். பல்லும் பல்லும் மோதாமல், முதலில் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிச் சேர்த்துவைக்கும் வளையம் ஒன்று உண்டு. 1928-ல் அமெரிக்காவில் காடிலாக் காரில்தான் அது முதலில் வந்தது. அதற்கு முன்பெல்லாம் கியர் மாற்றுவது ஒரு வித்தை.

வண்டலூரில் பிறந்த கார்

விளையாட்டுக் கார், அதாவது ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சீமைச் சரக்கு என்று நினைக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் பிறந்திருக்கிறது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் 1971 வரை ஹெரால்டு கார்களைச் செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். அதற்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலி நாட்டு மிக்கெலொட்டி. எஞ்சின் 948 சி.சி. காரின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக, முதலை வாயைப் பிளப்பது போலத் திறக்கும். 25 அடி இடம் இருந்தால் போதும், ஒரே மூச்சில் திருப்பிவிடலாம். கூரையைக்கூட போல்ட்டுகளை அவிழ்த்துக் கழற்றி வைத்துவிடலாம்!

இந்த ஹெரால்டின் சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்தார்கள். அதுதான் ‘ஸ்பிட்பயர்’ என்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாம் உலகப் போரில் பறந்த போர் விமானத்தின் பெயர் அது. 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்பயர் கார்கள் செய்யப்பட்டன. அதற்கும் வடிவம் கொடுத்தவர் அதே மிக்கெலொட்டி. கியர் பெட்டியும் அதே குடும்பம். தரையிலிருந்து முளைத்து நிற்கும் குட்டைக் கியர் கம்பியும் அதேதான்.

அந்தக் காலத்தில் அம்பாசடரிலும் பியட்டிலும் கியர் கம்பி ஸ்டீரிங்குக்குக் கீழே, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கியர் பெட்டிக்குப் போக நீண்ட கம்பிகள், வளைவுகள், மூட்டுகள் பல. ஹெரால்டில் கம்பி கைக்குப் பக்கத்திலேயே. மணிக்கட்டை அசைத்தால் கியர் விழும். இந்தச் சுகத்துக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய சோழவரம் பந்தயங்களிலும் ஹெரால்டு கார்கள் ஓடின. சோழவரம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். அந்த ஓடுபாதையில்தான் பந்தயம்.

இங்கிலாந்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயர் 1963-லேயே மறைந்துவிட்டது. வண்டலூரில் அது 1988 வரை வாழ்ந்தது. தாய் வீட்டில் மறந்த பெயரைப் புகுந்த வீட்டில் 25 வருஷம் காப்பாற்றினார்கள் என்று சொல்லலாம்.

ஒரு மில்லிமீட்டர் பத்து ஆவது எப்படி?

இந்தக் கம்பி ஏன் ஆடுகிறது?

கம்பியின் கீழ்ப்பாகத்தில் ஒரு குண்டு இருக்கிறது. அந்தக் குண்டு ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்து சுழலும். குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது நைலான் உறை. கம்பியின் அடிநுனி, கியர் பெட்டியை நோக்கிப் போகும் இன்னொரு கம்பியுடன் ஒரு போல்ட்டால் சேர்கிறது. அந்த இடத்திலும் ஒரு புஷ். முன்னால் போய்ச் சேரும் மூட்டிலும் தேய்மானம் உண்டு. நைலானும் ரப்பரும் தேயத் தேய, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டுக்கு மேலே இருக்கும் கம்பி, கீழே இருப்பதைப்போல் 5 மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒரு மூட்டில் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே பிடியில் 5 மில்லிமீட்டர் ஆடும். இரண்டு மூட்டு தேய்ந்தால் 10 மில்லிமீட்டர். இத்தனைக்கும் கீழே தேய்ந்தது நகக்கண் அளவுகூட இல்லை!

தோணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுக்கானின் கீல் தேய்ந்துவிட்டால் பிடியை எவ்வளவு திருப்பினாலும் தோணி சொல்பேச்சுக் கேட்காது.

இது வெறும் அசௌகரியம் மட்டும் அல்ல. திருநெல்வேலிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதாக வைத்துக்கொள்வோம். மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய கம்பி இரண்டில் விழுந்துவிட்டால் எஞ்சின் அலறும். வண்டி இழுத்துப் பிடித்ததுபோல் தடுமாறும். எதிரே பஸ் வரும் நேரத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

‘கியர் பாக்ஸ் போயிட்டு!’

இதில் வேடிக்கையும் வேதனையும் ஒன்றாக இருக்கின்றன. பட்டறைகளில் அடிக்கடி நடக்கக்கூடிய பேச்சு இது:

“அண்ணாச்சி, கியர் பாக்ஸ் போயிட்டு. மாத்த வேண்டியதுதான்.”

“என்ன தம்பி சொல்லுத? சத்தமே வரலியே!”

“சத்தம் வந்தா என்ன, வராட்டி என்ன? கம்பி இந்த ஆட்டம் ஆடுதுல்லா!”

அண்ணாச்சி பயந்துவிடுவார். இந்தக் காருக்குக் கியர் பெட்டி எங்கே கிடைக்கும்? ஒன்று, கார் காயலான் கடைக்குப் போகும். இல்லாவிட்டால் வேறு கம்பெனிக் காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்த்து உள்ளே திணித்துவிடுவார்கள்.

காயலான் கடை என்ற பெயர் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்பார்கள். பழைய காயல் ஒரு காலத்தில் முத்து வியாபாரத்துக்குப் பேர்போன துறைமுகம். 13-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். முத்து விற்ற ஊர்ப் பெயர் பழைய இரும்புக் கடைக்கு ஒட்டிக்கொண்டதை என்னவென்று சொல்வது!

வேறு எஞ்சினைத் திணிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் கார்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளுடன் தனி எண் வாங்கலாம். ஆனால் சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் அதை எடுக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். ஹெரால்டு செய்வது 1971-ல் நின்றது. ஆகவே ரோட்டில் இருக்கும் ஹெரால்டு எல்லாமே 50-ஐத் தாண்டியவை. அப்பா ஓட்டிய, தாத்தா வாங்கிய காரை, தேய்ந்துபோன ஒரு புஷ்ஷுக்குப் பயந்து உருமாற்றிவிட்டால் இந்த மரியாதை போய்விடும்.

நோய் எங்கே?

அதனால் முதலில் நோய் எது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கையும் காதும் போதும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர் போடுங்கள். வழுவழு என்று விழுகிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகர என்று கத்துகிறது. அப்படியானால் குற்றம் கிளட்சில். கிளட்ச் ஆயில் குறைந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக வெளியே துள்ளி விழுகிறதா? பெரும்பாலும் பெட்டிக்குள்ளேதான் கோளாறு. அதற்குக் கைதேர்ந்தவரிடம் போவதே நல்லது.

ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கம்பி எகிறுகிறதா? எஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர் கட்டைகள் இற்றுப் போயிருக்கலாம்.

இது எதுவும் இல்லை. கம்பி மட்டும் நாலா பக்கமும் ஆடுகிறது. தேடிப் பிடித்தால் கியர் சத்தமில்லாமல் விழுகிறது என்றால் சந்தோஷப்படுங்கள். மூட்டில்தான் தேய்மானம். கியர் பெட்டி நலமாக இருக்கிறது.

இந்த மூட்டைப் பார்க்கக் காருக்கு அடியில் படுக்க வேண்டியது இல்லை. ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே மேடுபோல ஒரு மூடி இருக்கும். விரிப்பை விலக்கி, சுற்றியுள்ள திருகாணிகளை எடுத்தால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே கியர் பெட்டி முழுவதும் தெரியும். பெட்டியை இறக்குவதானாலும் இந்த வழியாகத்தான் வெளியே எடுக்கிறார்கள். தொடங்கும் முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இருக்கைகளையும் எடுத்துவிடலாம்.

பிறகு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பியை மெதுவாக ஆட்ட வேண்டும். மற்றவர் குனிந்து மூட்டுகளைப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம். வீட்டில் பள்ளிக்கூடப் பையன் இருந்தால் அவனை ஆட்டச் சொல்லலாம். ‘போதும்’ என்று சொன்ன பிறகும் அவன் நிறுத்த மாட்டான் என்பதுதான் சங்கடம்!

வலைக்கு வந்தது, காருக்கும் வந்தது

நைலான் 1935-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் பிறந்தது. கரோதர்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு அதை உண்டாக்கியது. பஞ்சு நூல் வலை போய் நைலான் வலை வந்தபோது கடற்கரை வாழ்க்கையே மாறியது. நனைந்தாலும் மக்காது, இழுத்தாலும் எளிதில் அறாது. கார்க்காரர்களுக்குப் பிடித்தது இன்னொரு குணம். இரும்பு இரும்போடு உரசினால் கிரீச்சிடும், தேயும். நடுவில் நைலான் இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். அதிர்வையும் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும்.

ஸ்பிட்பயர் கார்கள் உலகம் முழுவதும் இன்னும் ஓடுவதால் அதன் கியர் கம்பிக்கு வேண்டிய புஷ், உறை, ஸ்பிரிங் எல்லாம் இங்கிலாந்தில் இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஹெரால்டுக்கும் அவை உதவும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. பழையதைக் கழற்றி அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். இத்தனை வருஷத்தில் யார் யார் எதை மாற்றி வைத்தார்களோ!

வெளிநாட்டுச் சாமான் கிடைக்காவிட்டால் லேத் பட்டறை இருக்கவே இருக்கிறது. துறைமுக ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? விசைப்படகின் விசிறிக் கம்பிக்குப் புஷ் கடைந்து கொடுக்கிறவர்களுக்குக் கட்டைவிரல் பருமன் நைலான் புஷ் ஒரு பெரிய வேலையே அல்ல. பித்தளையிலும் கடையலாம். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் எஞ்சினின் நடுக்கம் முழுவதும் கையில் வந்து இறங்கும். சத்தமும் கேட்கும். அதனால் நைலானே மேல்.

ஒன்றைக் கடைகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். நைலான் ஈரத்தைக் கொஞ்சம் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் கச்சிதமாகக் கடைந்த புஷ், ஐப்பசி மழையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் காற்றே ஈரம்தான். ஆகவே ஒரு மயிரிழை இடம் விட்டுக் கடைய வேண்டும். இறுகிய கியர், ஆடும் கியரைவிட மோசம்.

புஷ்ஷை மாற்றியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் போல்ட்டையும் அது போகும் துளையையும் பாருங்கள். வட்டத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். புதுப் போல்ட் மட்டும் போட்டால் போதாது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி அதற்குள் உருக்கு வளையம் அடிக்க வேண்டும். அல்லது பற்றவைத்து மறுபடி துளைக்க வேண்டும். அவசரத்துக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றுகிறவர்களும் தகரத்தை மடித்துத் திணிக்கிறவர்களும் உண்டு. திருச்செந்தூர் போய்த் திரும்புவதற்குள் அது பிதுங்கி வந்துவிடும்.

கிரீஸிலும் கவனம் தேவை. கண்ட கிரீஸைத் தடவினால் ரப்பர் புஷ் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவும்போது ரப்பர்த் துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். உப்பளக் காற்று வீசும் ஊரில் கழற்றிய போல்ட்டுகளைத் துரு பிடித்தபடியே திரும்பப் போடுவதும் தவறு. தானாகக் கழலாத நைலான் வளைய நட்டு போடுவது நல்லது.

ரிவர்ஸ் பூட்டு

எல்லாம் சேர்த்த பிறகு கடைசியாக ஒரு வேலை. கை தவறி ரிவர்ஸ் விழுந்துவிடாமல் தடுக்க ஒரு தடுப்பு இருக்கிறது. மூட்டு ஆடிக்கொண்டிருந்தபோது அதற்கு ஏற்றபடி யாராவது இந்தத் தடுப்பைத் தள்ளி வைத்திருக்கக்கூடும். புதுப் புஷ் போட்டதும் அந்த அளவு பொருந்தாது. எஞ்சினை நிறுத்தி வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் தங்குதடை இல்லாமல் விழுகின்றனவா என்று பாருங்கள். ரிவர்ஸ் மட்டும், வேண்டும் என்று முயன்றால்தான் விழ வேண்டும். அப்படி வரும்வரை தடுப்பைத் திருத்துங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, அதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். முட்டுக் கல்லை அதற்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மூட்டு நட்டுகளை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். புது புஷ் அமர்ந்த பிறகு சில சமயம் நட்டு இளகும்.

நடு மூடியைத் திரும்பப் பூட்டும்போது அதன் ஓரம் முழுவதும் ரப்பர்ப் பட்டையோ கம்பளிப் பட்டையோ வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினின் சூடும் புகை நாற்றமும் நேராகக் காருக்குள் வரும். தூத்துக்குடி வெயில் போதாதா?